அத்தியாயம் 4: பைபர் படகின் மேற்பூச்சைச் சீர்செய்தல்

கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு பைபர் படகின் அடியைக் குனிந்து பார்த்தால், அதை எப்படிப் பாவித்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எந்தக் கரையில் பார்த்தாலும் காயங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். ஏராவின் அடியில் மணல் தேய்த்த வெள்ளைத் தடம். அணியத்துக்குக் கீழே நட்சத்திரம்போல விரிந்த மெல்லிய வெடிப்பு. எஞ்சின் மாட்டும் பின்பலகையின் இரு மூலைகளிலும் மயிரிழைக் கோடுகள். நங்கூரமோ பக்கத்துப் படகோ உரசிப் போன நீளக் கீறல். உரியவரைக் கேட்டால், "மேலோட்டமான கீறல்தான், மாரியில ஒரு பெயிண்ட் அடிச்சாச் சரி" என்பார்.

அந்த மறுமொழியில் இரண்டு பிழைகள் உள்ளன. ஈரத்தின்மேல் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேறாது, உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். மாரியோ இந்த வேலைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத காலம். மேற்பூச்சில் விழுந்த காயத்தை எப்போது தொடலாம், எதைக் கொண்டு நிரப்பலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. கண்ணாடி நார் முறிந்து படகில் ஓட்டை விழுந்திருந்தால் அது வேறு வேலை. அதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது

நம் கரைகளில் நிற்கும் 18 அடிப் படகை எடுத்துக்கொள்வோம். அச்சுக்குள் முதலில் பூசுவது ஜெல்கோட். நிறம் கலந்த, கண்ணாடி நார் இல்லாத தூய ரெசின் அது. நன்றாகச் செய்த படகில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அதற்குப் பின்னால் கண்ணாடி மேட், நெய்த கண்ணாடித் துணி, மறுபடி மேட் என்று ரெசினில் நனைத்த அடுக்குகள் வருகின்றன. படகின் பலம் முழுவதும் இந்த அடுக்குகளில்தான் இருக்கிறது. அவற்றைக் கடல் தண்ணீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பது அந்த அரை மில்லிமீற்றர் பூச்சு மட்டுமே.

கண்ணாடி தண்ணீர் குடிக்காது. ஆனால் நாருக்கும் ரெசினுக்கும் இடையில் நுண்ணிய இடைவெளிகள் உண்டு. வெட்டுப்பட்ட நாரின் நுனி வெளியே தெரிந்தால் போதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தண்ணீர் நாரின் வழியே உள்ளே போகும். மேலே ஒரு சாண் நீளக் கீறல் இருந்தால் உள்ளே அதைவிட அகலமான இடம் நனைந்திருக்கும். கீறலைச் சீர்செய்கிறவர் இதை மறக்கக் கூடாது.

நம் பகுதிப் படகுகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அம்பாறைக் கரையைத் துடைத்துவிட்டுப் போனபின், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் தேவைப்பட்டன. பல அமைப்புகள் பல பட்டறைகளில் அவசரமாகச் செய்வித்துக் கொடுத்தன. எல்லாம் ஒரே தரத்தில் அமையவில்லை. சிலவற்றில் ஜெல்கோட் மெல்லியது. சிலவற்றில் மேட் சரியாக நனையாமல் காற்றுப் பைகள் நின்றுவிட்டன. அந்தக் காலத்துப் படகு உங்களிடம் இருந்தால், கீறலைத் தோண்டும்போது உள்ளே வெள்ளையாக உலர்ந்த நார் வெளிப்படலாம். அது உங்கள் கைப்பிழை அல்ல. ரெசின் பிடிக்காத அந்த நாரை முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே மேற்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

காயத்தை வாசித்தல்

வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத படகுக்காரர்களுக்கு ஜும்ஆவுக்கு முந்திய காலை நேரம் நல்ல வாய்ப்பு. அன்று திருத்த வேண்டாம், பார்த்தால் போதும். படகை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று பாருங்கள். நேராக அடிக்கும் வெயிலில் தெரியாத வெடிப்பு சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். சந்தேகமான இடத்தில் கறுப்பு மையைத் தடவி உடனே துணியால் துடையுங்கள். வெடிப்புக்குள் மை தங்கி, அதன் முழு நீளத்தையும் காட்டும்.

பிறகு தட்டிப் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நாணயம் போதும். நல்ல இடத்தில் சத்தம் கூர்மையாக, கணீரென்று வரும். அடுக்குகள் பிரிந்த இடத்திலும் ஈரம் ஏறிய இடத்திலும் மங்கலாக, பொத்தென்று வரும். உள்ளே குறுக்குப் பலகை ஒட்டியிருக்கும் இடத்திலும் சத்தம் மாறும் என்பதால், எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கிய இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

கீறல் ஜெல்கோட்டோடு நின்றதா, நாரைத் தொட்டதா என்று அறிய நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்காவிட்டால் தேய்த்து மினுக்கினால் போதும். நகம் தடக்கி, உள்ளே அதே நிறம் தெரிந்தால் ஜெல்கோட்டால் நிரப்ப வேண்டும். நிறம் மாறி, பச்சை கலந்த மஞ்சளாகவோ நாராகவோ தெரிந்தால் காயம் அடுக்கைத் தொட்டுவிட்டது.

நட்சத்திர வெடிப்பு அடிபட்டதன் அடையாளம். அணியத்தில் வந்தால் கல்லிலோ கட்டையிலோ மோதியிருக்கும். கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கும் ஒலுவில் பக்கத்துக் கரைகளில் படகு ஏற்றுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். பின்பலகை மூலைகளிலும் குறுக்குப் பலகையின் ஓரத்திலும் வரும் ஒரே திசைக் கோடுகள் வேறு வகை. அங்கே படகு வளைகிறது. கூடுதல் குதிரைவலு எஞ்சினை மாட்டிய படகுகளில் இது நிச்சயம் வரும். வளைவதை நிறுத்தாமல் பூச்சை மட்டும் நிரப்பினால் ஒரு பருவத்துக்குள் அதே கோடு அதே இடத்தில் திரும்பி வரும். முதலில் உள்பக்கம் மேட் வைத்துப் பலப்படுத்துங்கள், பிறகு வெளியே நிரப்புங்கள்.

கொப்புளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளாந்தம் கரையில் ஏற்றும் படகில் அது குறைவு. மாதக்கணக்கில் தண்ணீரிலேயே நிற்கும் பலநாட் படகுகளில்தான் அதிகம். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டும் அதன் வாயை மணல் அடைத்துக்கொண்டதால், பெரிய படகுகள் ஒழுங்காகக் கரை ஒதுங்க வழியில்லாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க நேர்ந்தது. தண்ணீர் ஜெல்கோட்டினூடே மெதுவாகக் கசிந்து, ரெசினில் கரையக்கூடியவற்றைக் கரைத்து, அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுத்துப் பூச்சைத் தள்ளி எழுப்புகிறது. கொப்புளத்தைக் குத்தினால் வரும் நீரில் வினாகிரி வாடை இருக்கும். அழுத்தத்தில் இருப்பதால் அது முகத்தில் பீறிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டே குத்துங்கள். ஒன்றிரண்டு என்றால் தனித்தனியாகத் திறந்து காயவைத்து நிரப்பலாம். அடி முழுவதும் பரவியிருந்தால் ஜெல்கோட்டை முழுதாக உரிக்க வேண்டிவரும். அதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

காயவைத்தல்

இந்த நூலில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நம் கரையில் பழுதாகும் திருத்தங்களில் பெரும்பாலானவை ரெசின் பிழையால் பழுதாவதில்லை. ஈரத்தின்மேல் ரெசினைப் போட்டதால்தான் பழுதாகின்றன. பொலியெஸ்டர் ரெசின் ஈரமான பரப்பில் பிடிக்காது. மேலே இறுகியதுபோல இருக்கும், ஒரு மாதத்தில் தகடாகக் கழன்று வரும்.

கிழக்குக் கரையின் காலநிலை இதில் நமக்கு எதிராக நிற்கிறது. வடகீழ்ப் பருவ மழை நவம்பர் முதல் பெப்ரவரி வரை. அப்போது கடல் கொந்தளிப்பதால் சிறிய படகுகள் கரையில் கிடக்கும், ஆட்களுக்கும் நேரம் இருக்கும். அதனால்தான் திருத்த வேலையை மாரிக்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மாதங்களில் காற்றே ஈரம். கழுவித் துடைத்து நிழலில் வைத்த படகுகூட இரவில் மறுபடி ஈரத்தை வாங்கும். கச்சான் வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களோ இதற்கு நேர்மாறு. மலைநாட்டைக் கடந்து இறங்கும் அந்தக் காற்று வறண்டது, வெப்பமானது. ஒரு கிழமையில் அது உலர்த்துவதை மாரியில் ஒரு மாதத்தில் உலர்த்த முடியாது. ஆனால் அதுதான் மீன் படும் காலமும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத் தேட வேண்டும்.

என் பரிந்துரை இது. மாரியில் படகைக் கரையேற்றியதும் காயத்தைத் திறந்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, படகைக் கவிழ்த்து, மேலே தறப்பாளைக் கூடாரம்போலக் கட்டிவிடுங்கள். தறப்பாள் படகைத் தொடக் கூடாது. இரு முனையும் திறந்திருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும். பூட்டிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். மழை ஓய்ந்து மார்ச் பிறந்து, பருவம் சூடுபிடிக்கும் முன் கிடைக்கும் வெயில் நாட்களில் நிரப்பும் வேலையைச் செய்யுங்கள். மாரியில் செய்ய வேண்டியது திறப்பதும் கழுவுவதும் உலர்த்துவதும்தான். ரெசின் வாளியை அப்போது திறக்க வேண்டியதில்லை.

உப்பைக் கழுவுவது சடங்குக்காக அல்ல. வெடிப்புக்குள் உலர்ந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் அந்த இடம் உலராது. கரையோரக் கிணறுகள் பல உவர். குழாய்த் தண்ணீரையே பாவியுங்கள். மூன்று நான்கு நாட்கள், நாளுக்கொரு தடவை, வெடிப்புக்குள் போகும்படி ஊற்றிக் கழுவிவிட்டு அதன்பின் காயவிடுங்கள்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுத் தீர்மானிக்காதீர்கள். ஒரு முழச் சதுரம் உள்ள தெளிந்த பொலித்தீன் துண்டை அந்த இடத்தின்மேல் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விடுங்கள். பகல் வெயிலும் பட வேண்டும், இரவும் கழிய வேண்டும். மறுநாள் பொலித்தீனின் உட்பக்கம் நீர் முத்துக்கள் இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உரித்துவிட்டு மேலும் ஒரு கிழமை காயவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஜெல்கோட்டோடு நின்ற கீறல் ஓரிரு வெயில் நாட்களில் உலர்ந்துவிடும். நார் தெரிந்த இடத்துக்குக் கிழமைகள் வேண்டும். அவசரப்பட்டு ஊதுவிளக்குப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மேற்பரப்பைச் சுட்டு, அடுக்குகளைப் பிரித்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் அப்படியே இருக்கும்.

துடைத்தல், திறத்தல்

தேய்க்கத் தொடங்கும் முன் எண்ணெயை எடுக்க வேண்டும். படகில் மீன் நெய், டீசல், எஞ்சின் ஒயில், பழைய மெழுகு எல்லாம் படிந்திருக்கும். துடைக்காமல் அரத்தாளைப் போட்டால் அவற்றை நாமே கீறலுக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். முதலில் சவர்க்காரத் தண்ணீர். உலர்ந்தபின் அசெட்டோன். ஒரு துணியால் பூசி, அது ஆவியாகும் முன் இன்னொரு சுத்தமான துணியால் துடையுங்கள். ஒரே துணியைச் சுற்றிச் சுற்றிப் பாவித்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. மண்ணெண்ணெய் வேண்டாம், அதுவே ஒரு படலத்தை விட்டுப் போகும்.

பதிவு இலக்கத்துக்கு அருகில் வேலை என்றால் முதலில் இலக்கத்தைப் படம் எடுத்து, மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். தேய்த்தபின் எழுத்து மங்கினால் திரும்ப எழுதாமல் கடலுக்குப் போக வேண்டாம்.

மயிரிழை வெடிப்பை அப்படியே நிரப்ப முடியாது. ரெசின் உள்ளே இறங்காமல் மேலேயே பாலம்போல நின்றுவிடும். உடைந்த ஹக்சோ அலகின் முனையையோ முக்கோண அரத்தின் மூலையையோ கொண்டு வெடிப்பின் நீளம் முழுவதும் "V" வடிவில் வாய்க்கால் எடுங்கள். அடி ஒடுங்கி, வாய் அகன்று இருக்க வேண்டும். வெடிப்பு முடிந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து இன்னும் ஓர் அங்குலம் தள்ளிப் போய் நிறுத்துங்கள். பிறகு 80 இலக்க அரத்தாளால் வாய்க்காலின் ஓரங்களையும் சுற்றி இரண்டு அங்குலத்தையும் மங்கலாகும்வரை தேயுங்கள். மினுக்கம் மிஞ்சிய இடத்தில் ரெசின் பிடிக்காது.

கண்ணாடித் தூள் சருமத்தில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் நெஞ்சைப் பாதிக்கும். துணி முகமூடி இதைத் தடுக்காது. தூள் வடிக்கும் முகமூடி வாங்குங்கள், முழுக்கைச் சேட் போடுங்கள், காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று தேயுங்கள்.

கலத்தல்

ரெசினையும் ஜெல்கோட்டையும் இறுகச் செய்வது ஹாட்னர். அதன் வேதிப் பெயர் மெதில் எதில் கீட்டோன் பெரொக்சைட். சின்னப் போத்தலில் தெளிந்த தண்ணீர்போல இருக்கும், அதுதான் ஆபத்து. ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தெறித்தால் உடனே, அந்த இடத்திலேயே, இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதன்பின் தாமதிக்காமல் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள மற்ற வைத்தியசாலைக்கோ போங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் கையில் அந்தப் போத்தலைக் கொடுக்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: சில கடைகளில் கோபால்ட் எனும் ஊதாநிற வேகமூட்டியைத் தனியாக விற்பார்கள். கோபால்ட்டும் ஹாட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். கோபால்ட் தேவையென்றால் முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து, அதற்குப் பிறகே ஹாட்னர். பெரும்பாலும் கடையில் வரும் ரெசினில் அது முன்பே கலந்திருக்கும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் வெயிலில் 1 சதவீதத்தை ஒட்டியே நில்லுங்கள், அதாவது 100 கிராம் ரெசினுக்கு ஏறத்தாழ 1 மில்லிலீற்றர். மூடியால் ஊற்றுவது, "கண் மட்டு" பார்ப்பது இரண்டும் வேண்டாம். பாமசியில் ஊசி இல்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ் வாங்குங்கள். வெயில் கூடிய நாளில் சீக்கிரம் இறுகுகிறதே என்று 1 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் ரெசின் ஒருபோதும் முழுதாக இறுகாது, வருடம் போனாலும் நகத்தால் கீறும்படி மெத்தென்றே கிடக்கும். சீக்கிரம் இறுகுவதற்குத் தீர்வு ஹாட்னரைக் குறைப்பதல்ல, ஒரு தடவைக்குக் கொஞ்சம் ரெசினை மட்டும் கலப்பதுதான். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். சூடான நாளில் 15, 20 நிமிடம்கூட அது கையில் நிற்காது. மிஞ்சியதைக் கோப்பையிலேயே விட்டால் தன் சூட்டில் புகைந்து தீப்பிடிக்கவும் கூடும். மணலில் மெல்லியதாகப் பரப்பி இறுகவிட்டு, பின் எடுத்து அப்புறப்படுத்துங்கள். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி 31 பாகை செல்சியஸ் அளவிலேயே பற்றக்கூடியது. நம் பகல் வெப்பம் அதைத் தாண்டும். பக்கத்தில் சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

கலக்கும் பாத்திரத்திலும் கவனம் வேண்டும். வீட்டில் கிடக்கும் யோகட் கப்பை எடுப்பார்கள். அவற்றில் பல பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ரெசினிலுள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்து, கலந்து முடிக்கும் முன்பே அடியைக் கழற்றிவிடும். வளைத்தால் "டக்" என்று வெடிக்கும் பிளாஸ்டிக்கை ஒதுக்குங்கள். வளைந்து கொடுக்கும் ஐஸ்கிரீம் பெட்டி நல்லது.   

நேரத்தையும் தெரிந்து தொடங்குங்கள். சுபஹ் தொழுதுவிட்டு வந்த கையோடு தொடங்க வேண்டாம், படகில் பனி ஈரம் நிற்கும். எட்டு மணிக்குமேல் தொடங்கி, வெயில் உறைக்கும் முன் முடித்துவிடுங்கள். அல்லது அஸருக்குப் பின் நிழலில் செய்யுங்கள். நண்பகலில் வெயில் காய்ந்த பரப்பில் ரெசினைப் பூசினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழாகக் கிளம்பும்.

நிரப்புதல்

ஜெல்கோட்டோடு நின்ற காயத்துக்கு ஜெல்கோட்டே போதும். அது வழிந்து போகாமல் நிற்க ஏரோசில் தூளைச் சேர்த்து, புட்டிக் கத்தியில் எடுத்தால் விழாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹாட்னரைக் கடைசியில் சேர்த்து, ஓரமும் அடியும் விடாமல் இரண்டு நிமிடம் கலக்குங்கள். அடித்துக் கலக்கினால் காற்று ஏறும், மடித்து மடித்துக் கலக்க வேண்டும்.

நாரைத் தொட்ட காயத்தில் முதலில் அடியை நிரப்ப வேண்டும். ரெசினில் ஏரோசிலும் பொடியாக வெட்டிய கண்ணாடி நாரும் சேர்த்த புட்டி அதற்கு. தோண்டிய பள்ளத்தில் வெறும் ரெசினை ஒரு மெல்லிய பூச்சாகப் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே புட்டியை அழுத்தி வைத்து, மேற்பரப்புக்கு ஒரு மில்லிமீற்றர் தாழ நிறுத்துங்கள். அந்த ஒரு மில்லிமீற்றர் ஜெல்கோட்டுக்கு உரியது. வாகனங்களுக்குப் பாவிக்கும் ரின்கரிங் புட்டியை எடுக்காதீர்கள். எளிதாகத் தேய்கிறது என்று பலர் அதை நாடுகிறார்கள். அதிலுள்ள முகப்பவுடர்க் கல்தூள் ஈரத்தை வாங்கும். நீர்மட்டத்துக்கு மேல் அலங்காரத்துக்கு வேண்டுமானால் இருக்கட்டும், அடியில் வேண்டாம். ரெசின் வாங்கும்போது "ஐசோ" என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண "ஓர்தோ"வைவிட விலை கூடியது, ஆனால் தண்ணீரைத் தாங்குவதில் அதுதான் மேல்.

ஜெல்கோட்டைச் சுற்றுப் பரப்பைவிடச் சற்று உயரமாக நிரப்புங்கள். இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், மிகுதி தேய்க்க உதவும். இப்போது முக்கியமான ஒன்று. மெழுகு கலக்காத ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே இறுகாது, ஒட்டிக்கொண்டே இருக்கும். நிரப்பிய கையோடு தெளிந்த, சுருக்கமில்லாத பொலித்தீனை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்றைத் தள்ளியபடி விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டிவிடுங்கள். மறுநாள் உரித்தால் மேற்பரப்பு கண்ணாடிபோல் வந்திருக்கும், தேய்க்கும் வேலையும் பாதியாகும்.

நிறம் பொருந்துவது கடினம். வெள்ளைப் படகு என்றாலும் பத்து வருட வெயில் கண்ட வெள்ளை மஞ்சளும் சாம்பலும் சேர்ந்தது. பழைய பரப்பை ரப்பிங் கொம்பவுண்டால் ஓர் இடத்தில் மினுக்கி, உண்மை நிறத்தைப் பார்த்துவிட்டுக் கலக்குங்கள். ஹாட்னர் சேர்த்த ஒரு துளியை மாஸ்கிங் டேப்பில் தடவி இறுகவிட்டு ஒப்பிடுங்கள், ஈர நிறத்தை நம்பாதீர்கள். நிறப்பசை ஜெல்கோட் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் இறுகுவதே கெட்டுவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே நிறம் பார்க்க வேண்டியதில்லை. அங்கே நேரத்தை உலர்த்துவதில் செலவிடுங்கள்.

தேய்த்தல், மினுக்குதல்

மேடு குறையும்வரை 120, பிறகு 240. அதன்பின் தண்ணீர் தொட்டு 400, 600, 1000 என்று ஏறுங்கள். சவர்க்காரம் ஒரு துளி விட்ட தண்ணீர் அரத்தாளை அடைக்காது. வெறும் கையால் அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும், தட்டையான மரத்துண்டில் சுற்றிப் பிடியுங்கள். சுற்றியுள்ள பழைய ஜெல்கோட் அரை மில்லிமீற்றர்தான் என்பதை நினைவில் வைத்து, கண்டபடி தேய்க்காதீர்கள். பிறகு ரப்பிங் கொம்பவுண்ட், மெழுகு. முடிந்தது.

ஏரா

கரையில் இழுத்தேற்றும் படகின் ஏரா வேறு கணக்கு. அங்கே ஒவ்வொரு நாளும் மணல் தேய்க்கும். ஜெல்கோட் எத்தனை தடவை பூசினாலும் நிற்காது. நார் தெரியத் தொடங்கிய ஏராவுக்கு, உலர்த்தித் தேய்த்தபின், சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை நாலு அங்குல அகல நாடாவாக வெட்டி மூன்று அடுக்கு வையுங்கள். ஒரு அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தரும். ரெசின் மேட்டின் எடையைப்போல் இரண்டரை மடங்கு போகும். ஒவ்வோர் அடுக்கிலும் உருளையால் காற்றை வெளியேற்றுங்கள், வெள்ளையாகத் தெரியும் இடம் நனையாத இடம். மேலே மெழுகு கலந்த ஜெல்கோட் பூசுங்கள். இந்த நாடா தேய்வதற்கென்றே வைப்பது. வருடந்தோறும் பார்த்துப் புதுப்பித்துக்கொண்டால் கீழேயுள்ள படகு தேயாது. இழுக்கும்போது உருளை மரம் வைத்தால் நாடாவும் இன்னும் ஒரு வருடம் கூட நிற்கும்.

கடலில் இறக்கும் முன்

நகத்தால் கீறினால் தடம் விழாத அளவுக்கு ரெசின் ஒரு நாளில் இறுகிவிடும். ஆனால் முழுப் பலம் வர ஒரு கிழமையாவது வேண்டும். மழை நாளில் இன்னும் கூட. மறுநாளே கடலில் இறக்கினால் பாதி இறுகிய ரெசின் தண்ணீரை வாங்கும், காயவைத்த அத்தனை நாளும் வீணாகும். படகின் உள்ளே, குறுக்குப் பலகைக்குக் கீழே, திருத்திய திகதியையும் பாவித்த ரெசின் வகையையும் அழியாத மையில் எழுதி வையுங்கள். எபொக்சி பாவித்த இடத்தின்மேல் பிறகு பொலியெஸ்டர் ரெசின் நன்றாகப் பிடிக்காது என்பதால், அடுத்த தடவை வேலை செய்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கடலுக்குப் போய் இரண்டு கிழமை கழிந்ததும் படகைக் கழுவி, அதே நாணயத்தால் திருத்திய இடத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் விட்டுவிடுங்கள். மங்கிய சத்தம் வந்தால் மேலே இன்னொரு பூச்சைப் போட்டு மறைக்காமல், முழுவதையும் உரித்தெடுத்து, பொலித்தீன் ஒட்டிப் பார்ப்பதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.